குளிர் காலையில் பின்தங்கிய உச்சிகள்: நுவரெலியாவில் ஓர் எச்.பி.எல்.சி. இயந்திரத்தைச் சீர்செய்த பதிவு

கடந்த தை மாதத்தில் எங்கள் ஆய்வுகூடத்தின் எச்.பி.எல்.சி. இயந்திரம் (கரைசலை உயர் அமுக்கத்தில் தள்ளி, குருதியின் கூறுகளைப் பிரித்து அளக்கும் கருவி) அதிகாலையில் ஒரு விதமாகவும், வெயில் ஏறிய பின் இன்னொரு விதமாகவும் இயங்கத் தொடங்கியது. நோயாளர்கள் "மூன்று மாதச் சீனி" என்று கேட்டு வரும் எச்பி ஏ1சி பரிசோதனையையும், தலசீமியா என்ற பரம்பரைக் குருதிநோயின் காவிகளை (அதன் மரபணுவைச் சுமப்பவர்களை) கண்டறிவதற்கான ஈமோகுளோபின் பகுப்பையும் நாங்கள் இந்த ஒரே இயந்திரத்தில்தான் செய்கிறோம். அதனால் அது ஒரு நாள் தடுமாறினாலும் கந்தப்பளை, இராகலை, நானுஓயா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் மாதிரிகள் தேங்கிவிடும். பழுதைக் கண்டுபிடித்துச் சீர்செய்த விதத்தை இங்கே விரிவாக எழுதுகிறேன். மலைநாட்டில் இதே வகை இயந்திரத்துடன் வேலை செய்யும் மற்றத் தொழில்நுட்பவியலாளர்களுக்கும் இதே சிக்கல் வரக்கூடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதலில் அறிகுறிகள். ஏழு மணியளவில் ஓடவிட்ட கட்டுப்பாட்டு மாதிரிகளில் (அளவு முன்கூட்டியே தெரிந்த மாதிரிகளில்) எல்லா உச்சிகளும், அதாவது ஒவ்வொரு கூறும் வெளிவரும்போது வரைகோட்டில் எழும் மேடுகளும், தம் வரிசை மாறாமல், ஆனால் வழக்கத்தை விடத் தாமதமாக வந்தன. தாமதம் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தது. எட்டரை, ஒன்பது மணிக்கு, அறையில் ஹீட்டர் போட்டுச் சற்று நேரம் ஆன பின், உச்சிகள் முன்னுக்கு வந்தன. ஆனால் அதே வேளையில் பம்பியின் அமுக்கக் கோடு ரம்பப் பற்களைப் போல ஏறி இறங்கத் தொடங்கியது; ஒரு ஓட்டத்தில் ஏ1சி கூடியும் அடுத்ததில் குறைந்தும் வந்தது. பதினொரு மணிக்கு மேல் எல்லாம் தானாகவே அடங்கிவிடும். கட்டுப்பாட்டு மாதிரி எல்லைக்குள் வராத நேரத்தில் எந்த அறிக்கையையும் வெளியே விடுவதில்லை என்பதால் நோயாளரின் கைக்குத் தவறான எண் போகவில்லை. ஆனால் மதியத்துக்குள் முடிய வேண்டிய வேலை மாலை வரை இழுபட்டது.

இந்த அறிகுறிகளுக்குப் பொருள் காண வேண்டுமானால் கொலத்துக்குள், அதாவது கூறுகளைப் பிரிக்கும் குழாய்க்குள், என்ன நடக்கிறது என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும். குருதியில் உள்ள குளுக்கோசு, ஈமோகுளோபினின் பீற்றாச் சங்கிலியின் முனையிலுள்ள வலின் என்ற அமினோ அமிலத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டிய மூலக்கூறு தன் நேர் ஏற்றத்தில் ஒரு சிறு பங்கை இழக்கிறது. கொலத்தின் உள்ளே இருக்கும் மறை ஏற்றமுள்ள துணிக்கைகள் நேர் ஏற்றம் கூடியவற்றை இறுகப் பிடித்தும் குறைந்தவற்றை இலகுவாக விட்டும் பிரிப்பதால், ஏ1சி முன்னே வர, ஒட்டாத ஈமோகுளோபினான ஏ0 பின்னே வருகிறது. முதலில் ஏ1ஏ, ஏ1பி என்ற சிறு பகுதிகள், பின்னர் எஃப் (சிசு ஈமோகுளோபின்), நிலையற்ற ஏ1சி, ஏ1சி, ஏ0 என்று ஏறத்தாழ இந்த வரிசையில் அவை உணரியைக் கடக்கின்றன. வகை ஈமோகுளோபின்களான (மரபணு மாற்றத்தால் வேறுபட்டவையான) இ, டி, எஸ், சி ஆகியவை அதற்கும் பின்னால் வரும். உணரி 415 நனோமீற்றர் அலைநீளத்தில் உறிஞ்சலை அளந்து கோடு வரைகிறது. மென்பொருள் எந்த உச்சிக்கு எந்தப் பெயர் வைப்பது என்பதை அது வந்த நேரத்தை மட்டுமே கொண்டு முடிவு செய்கிறது. அதற்கு ஏ1சியின் முகம் தெரியாது. நேரம் மட்டுமே தெரியும். ஆகவே இந்தத் தங்கு நேரம், அதாவது ஒரு கூறு கொலத்தில் தங்கி வெளிவர எடுக்கும் நேரம், பிசகினால், அச்சாகி வரும் எண் எவ்வளவு நேர்த்தியாகத் தோன்றினாலும் அதை நம்ப முடியாது.

நீரிழிவு உள்ளவர்களின் ஈமோகுளோபினில் இந்த வேறுபட்ட பகுதி கூடியிருப்பதை 1968இல் தெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் எடுத்துக்காட்டினார். 1993இல் வெளியான அமெரிக்கப் பெருஆய்வு, ஏ1சியைக் கட்டுக்குள் வைத்தால் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் பாதிப்பு குறையும் என்று நிறுவிய பின்னரே இந்த எண் உலகெங்கும் மருத்துவரின் மேசைக்கு வந்தது. இன்று 6.5 சதவீதம், அதாவது ஒரு மோலுக்கு 48 மில்லிமோல், என்பது நீரிழிவைத் தீர்மானிக்கும் எல்லை. 6.3க்கும் 6.6க்கும் இடையிலான சிறு வேறுபாடு ஒருவரின் வாழ்நாள் மருந்தைத் தீர்மானிக்கக்கூடும் என்னும்போது, காலைக் குளிரால் ஏற்படும் ஒரு சிறு நகர்வையும் அலட்சியம் செய்ய முடியாது.

இப்படி உச்சிகள் நகரும்போது பலரும் முதலில் சொல்லும் யோசனை கொலத்தை மாற்றுவதுதான். நான் அதற்கு உடன்படவில்லை. தேய்ந்துபோன கொலத்தில் உச்சிகள் அகலும், இரண்டாகப் பிளக்கும், அமுக்கம் நாள்தோறும் கூடிக்கொண்டே போகும். காலையில் கெட்டுப் பதினொரு மணிக்கு நல்லதாகும் கொலம் எதுவும் இல்லை. நேரத்தோடு மாறும் பழுது, நேரத்தோடு மாறும் ஏதோ ஒன்றினால்தான் வர வேண்டும். எங்கள் அறையில் ஏழு மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில் மாறுவது வெப்பநிலை ஒன்றே. மேலும், காலையில் வரும் தாமதம் சீரானது. ஒன்பது மணிக்கு வரும் குழப்பம் சீரற்றது. ஒரே பழுது இரண்டு குணத்தையும் காட்டுவது அரிது. ஆகவே இரண்டு பழுதுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன என்று கொண்டு, அவற்றைப் பிரித்தறிய ஒரு வழி தேடினேன்.

அந்த வழி மிக எளியது: பம்பி உண்மையில் எவ்வளவு திரவத்தைத் தள்ளுகிறது என்று அளந்து பார்ப்பது. பராமரிப்புத் திரைக்குப் போய் ஒரே தாங்கற்கரைசலை (கொலத்தின் ஊடாக ஓடும் உப்புக் கரைசலை) மட்டும் நிமிடத்துக்கு 1.5 மில்லிலீற்றர் வீதம் ஓட விட்டு, உணரியிலிருந்து வெளியேறும் குழாயைக் கழிவுப் போத்தலிலிருந்து எடுத்து, அளவுக்கோடு இட்ட 10 மில்லிலீற்றர் கனமானக் குடுவை ஒன்றின் கழுத்துக்குள் விட்டேன். பம்பி சரியாக வேலை செய்தால் குடுவையின் கோட்டைத் திரவம் தொட 6 நிமிடமும் 40 செக்கனும் ஆக வேண்டும். காலை ஏழு மணிக்கு அது அந்தக் கணக்குக்கு ஓரிரு செக்கன் வித்தியாசத்தில் வந்தது. அப்படியானால் தாமதமாக வரும் உச்சிகளுக்குப் பம்பி காரணமல்ல. திரவம் சரியான அளவில் போகிறது, கொலம்தான் அதிக நேரம் பிடித்து வைத்திருக்கிறது. ஒன்பது மணிக்கு அதே குடுவை நிரம்ப ஏழு நிமிடத்துக்கும் மேலானது. மீண்டும் அளந்தபோது இன்னொரு எண் வந்தது. அங்கே திரவமே குறைவாகப் போகிறது. ஒரு கனமானக் குடுவையும் கைத்தொலைபேசியின் நிறுத்தற் கடிகாரமும் இரண்டு பழுதுகளையும் தெளிவாகப் பிரித்துக் கொடுத்தன. எந்த எச்.பி.எல்.சி. இயந்திரத்திலும் திருகாணியைத் தொடுவதற்கு முன்னர் இந்த அளவீட்டைச் செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதற் பழுதை எடுத்துக்கொள்வோம். கொலம் ஒரு சிறு அடுப்புக்குள் இருக்கிறது; திரை 30 பாகை என்று காட்டுகிறது. ஆனால் அந்த 30 பாகை, அடுப்பின் உலோகக் கட்டையின் நடுவில் உள்ள உணரி சொல்வது. மெல்லிய வெப்பமானிக் கம்பி ஒன்றைக் கொலத்தின் நுழைவாயில் பொருத்தின்மேல் நாடாவால் ஒட்டிப் பார்த்தபோது, அதிகாலையில் அது அடுப்பின் எண்ணை விடச் சில பாகைகள் குறைவாகவே நின்றது. கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். 10 பாகையில் வரும் நீரை நிமிடத்துக்கு 1.5 மில்லிலீற்றர் வீதம் 30 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 2 வாட் வெப்பம் போதும். அது பெரிய தொகை அல்ல. ஆனால் அந்த வெப்பம் முழுவதும், நுழைவாயிலுக்கு முன்னுள்ள குறுகிய உருக்குக் குழாயில் திரவம் கடந்துபோகும் சில செக்கன்களுக்குள் ஏற வேண்டும். இயந்திரத்தை வடிவமைத்தவர்கள் திரவம் அறை வெப்பநிலையில் வரும் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய கையேட்டில் அறை வெப்பநிலை 15 பாகையில்தான் தொடங்குகிறது. உறைபனியில் தேயிலைக் கொழுந்து கருகும் காலத்தில் எங்கள் ஆய்வுகூட அறை அதற்கும் கீழே போய்விடுகிறது. கொலத்தின் முற்பகுதி குளிர்ந்திருந்தால் ஈமோகுளோபின் அங்கே அதிக நேரம் ஒட்டியிருக்கும். எல்லா உச்சிகளும் பின்தள்ளும்.

குளிருக்கு இன்னொரு சாட்சியும் இருந்தது. காலையின் முதல் ஓட்டங்களில் அமுக்கம் வழக்கத்தை விடக் கூடுதலாகத் தொடங்கி மெல்ல இறங்கியது. நீரின் பிசுக்குமை (ஓட்டத்துக்கு அது காட்டும் தடை) 25 பாகையில் 0.89 மில்லிபஸ்கால் செக்கன். 10 பாகையில் 1.31. கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. அடுப்பு பெரும் பகுதியைச் சூடாக்கிவிடுவதால் அமுக்கம் அந்த அளவுக்கு ஏறவில்லை, ஆனால் ஏறியது. இதைக் கண்டு முன்வடிகட்டி அடைபட்டுவிட்டது என்று முடிவு கட்டுவது எளிது. வடிகட்டி அடைபட்டிருந்தால் அமுக்கம் தானாக இறங்காது.

இரண்டாம் பழுது, ஒன்பது மணிப் பழுது, என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. அமுக்கக் கோடு பம்பியின் ஒவ்வொரு இரண்டாவது அடிக்கும் ஒருமுறை சரிந்தது. இரட்டைப் பிஸ்டன் பம்பியில் இதற்கு ஒரு தெளிவான பொருள் உண்டு: ஒரு தலைக்குள் காற்றுக் குமிழ் இருக்கிறது, அல்லது அந்தத் தலையின் வால்வு மூடவில்லை. திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். பிஸ்டன் தள்ளும்போது குமிழ் சுருங்கி, இழுக்கும்போது விரிந்து, திரவம் இருந்த இடத்திலேயே நிற்கும்.

ஹீட்டர் போட்ட பிறகே ஏன் குமிழ் வருகிறது? இங்கேதான் நுவரெலியாவின் உயரம் கணக்குக்குள் வருகிறது. கடல்மட்டத்தில் வளிமண்டல அமுக்கம் 101 கிலோபஸ்கால். 1,868 மீற்றர் உயரத்தில் அது ஏறத்தாழ 81. நீரில் கரையும் காற்றின் அளவு, மேலே உள்ள அமுக்கத்துக்கு விகிதசமமானது. அதே வேளை நீர் குளிர்ந்தால் அதிக காற்று கரையும், சூடானால் குறையும். தூய நீரில் கரையும் ஒட்சிசனை மட்டும் எடுத்துப் பார்த்தாலே போதும். இரவு முழுவதும் திறந்த போத்தலில் 10 பாகையில் நின்ற நீரில் இந்த உயரத்தில் லீற்றருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்கும். அறை 24 பாகைக்கு வந்ததும் அதே நீரால் 7 மில்லிகிராமைக்கூடத் தாங்க முடியாது. மிகுதி எங்கேனும் வெளியே வந்தாக வேண்டும். போத்தலின் சுவரில் வந்தால் தீங்கில்லை. பம்பி இழுக்கும் கணத்தில், உறிஞ்சு குழாயில் அமுக்கம் இன்னும் இறங்கும்போது வந்தால், அந்தக் குமிழ் நேரே பம்பித் தலைக்குள் போகிறது. கொழும்பில் அதே இயந்திரத்துக்கு 101 கிலோபஸ்கால் கைகொடுக்கிறது, அறையும் இரவில் இப்படிக் குளிர்வதில்லை. இங்கே ஐந்தில் ஒரு பங்கு ஆதரவு முதலிலேயே போய்விட்டது. பதினொரு மணிக்குள் கரைசல் தன் மிகுதிக் காற்றை வெளியேற்றி முடித்துவிடுவதால்தான் இயந்திரம் தானாக அடங்கியது.

இப்படிப்பட்ட குமிழ்களைப் பிடிப்பதற்கென்றே இயந்திரத்தில் ஒரு வாயுநீக்கி இருக்கிறது. சவ்வுக் குழாயைச் சுற்றி வெற்றிடம் உண்டாக்கி, கரைந்த காற்றை அது இழுத்துவிடும். ஆரோக்கியமான வாயுநீக்கியின் சிறு வெற்றிடப் பம்பி சில நிமிடம் ஓடி, வெற்றிடம் எட்டியதும் நிற்க வேண்டும். எங்களுடையது நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. தொலைபேசியில் பேசிய பொறியியலாளரிடம் இதைச் சொன்னதும், அதன் இரப்பர்த் தகடு தளர்ந்திருக்கும், உதிரிப்பாகம் வர நாளாகும் என்றார். "தம்பி, அது வரும்வரைக்கும் பம்பித் தலைகளையாவது நாங்கள் கழற்றிச் சுத்தம் செய்யலாமா?" என்று கேட்டேன். அவர் கழற்றும் வரிசையைச் சொல்ல, எங்களுடன் பணிபுரியும் இளையவள் ஒருத்தி அதைக் குறித்துக்கொண்டாள்.

பம்பித் தலையின் பின்புறத்தில், பிஸ்டன் நுழையும் இடத்தைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தது. அது உப்பு. பிஸ்டனைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் வளையமான சீல் வழியாக நுண்ணளவில் கசிந்த தாங்கற்கரைசல் காய்ந்து இப்படிப் படிகிறது. அந்தப் படிகங்கள் பிஸ்டனைக் கீறும், கீறிய பிஸ்டன் புதிய சீலையும் கிழிக்கும். 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்ட காலத்தில், இயந்திரங்கள் உப்புக் கரைசல் நிறைந்தபடியே திடீர் திடீரென்று நின்றதை நாட்டின் எல்லா ஆய்வுகூடத்தாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி நின்ற ஒவ்வொரு முறையும் சீலின் ஆயுளில் ஒரு பகுதி போயிருக்கும். பிஸ்டனை வெளியே எடுத்து, நார் உதிராத தாளில் நீரைத் தொட்டுத் துடைத்து, மேசை விளக்கின் கீழ் மெதுவாகச் சுழற்றிப் பார்த்தோம். நீளவாக்கில் ஒரு கீறலும் தென்படவில்லை. சீல்களை மட்டும் மாற்றினால் போதும் என்று தீர்மானித்தோம்.

அடுத்தது வால்வுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் நீலக்கல் இருக்கை ஒன்றின்மேல் கடுகளவிலான ஒரு மாணிக்கப் பந்து அமர்ந்திருக்கும். திரவம் மேலே போகும்போது பந்து எழும்பும், திரும்பி வரப் பார்த்தால் இருக்கையை மூடும். கழற்றிய வால்வைக் காதருகே வைத்து மெல்லக் குலுக்கினால் பந்து அசையும் சிறு சத்தம் கேட்க வேண்டும். முதல் தலையின் நுழைவு வால்வில் அது கேட்டது. இரண்டாவதில் எதுவும் கேட்கவில்லை. பந்து உப்பில் ஒட்டி நின்றது. அமுக்கம் ஒவ்வொரு இரண்டாவது அடிக்கும் சரிந்ததற்கு இந்த வால்வும் பங்களித்திருக்கிறது. குமிழ் மட்டும் காரணமல்ல.

இங்கே வரிசை முக்கியம். பலர் வால்வை நேராக ஐசோபுரொப்பனோலில் போடுகிறார்கள். ஐசோபுரொப்பனோலில் இந்த உப்புகள் கரையாது. உள்ளே ஈரமாக இருந்த கரைசலிலிருந்தும் புதிதாக உப்பு படியும். ஆகவே முதலில் இளஞ்சூட்டுக் காய்ச்சி வடித்த நீரில் கேளா ஒலித் தொட்டியில் வைத்து உப்பைக் கரைத்து, நீரை மாற்றி மீண்டும் வைத்து, அதன் பிறகே புரதப் பிசுக்கும் குமிழும் போக ஐசோபுரொப்பனோலில் வைத்தோம். வெளியே எடுத்துக் குலுக்கியபோது இரண்டாவது வால்விலும் சத்தம் கேட்டது. திருப்பிப் பொருத்தும்போது உடலில் பொறித்துள்ள அம்புக்குறி மேல்நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாகப் பொருத்தினால் திரவம் ஒரு துளியும் நகராது.

பிறகு உறிஞ்சு பக்கத்தைப் பார்த்தோம். இந்தப் பக்கத்தில் கசிவு இருந்தால் வெளியே ஒரு சொட்டும் விழாது; காற்று உள்ளே போகும். அதனால் கண்ணுக்குத் தெரியாமல் நெடுநாள் இருக்கும். பம்பியை நிறுத்திவிட்டு, குழாயில் ஒரு சிறு குமிழை வேண்டுமென்றே விட்டு அதன் நகர்வைக் கவனித்தோம். அது இருந்த இடத்தை விட்டு அசையாததால் பொருத்துகள் இறுக்கமாக இருக்கின்றன என்று தெரிந்தது. போத்தலுக்குள் மூழ்கியிருக்கும் வடிகட்டியில் வழுவழுப்பு இருந்ததால் அதைப் புதிதாக மாற்றினோம். அடைபட்ட வடிகட்டி பம்பியைக் கூடுதலாக இழுக்க வைத்து, குழாயில் அமுக்கத்தை இன்னும் தாழ்த்திக் குமிழ்களைப் பெருக்கும். கடைசியாகப் பம்பியின் வெளிவாயை அடைத்து, அமுக்கத்தை ஏற்றி நிறுத்தி, அது இறங்குகிறதா என்று பார்த்தோம். நின்ற இடத்தில் நின்றது.

இவ்வளவும் பம்பியைச் சீராக்கின. ஆனால் குளிரும் உயரமும் அப்படியே இருந்தன. அவற்றுக்கு மூன்று ஏற்பாடுகளைச் செய்தோம். தாங்கற்கரைசல் போத்தல்களை இரவில் இயந்திரத்தின் மேலேயே விடாமல், மூடி இறுக்கி, 25 பாகைக்கு வைத்த காப்புப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம். காலையில் அவற்றை ரிஜிஃபோம் பெட்டிக்குள் இறக்கி, மூடியில் குழாய்க்குத் துளையிட்டு, இயந்திரத்தோடு இணைத்தோம். இதனால் முதல் ஓட்டத்திலிருந்தே கொலத்துக்குச் சூடான திரவம் போனது, ஹீட்டர் போட்டபோது கரைசல் திடீரென்று சூடாகவும் இல்லை. மூடியைத் திறந்து வெந்நீரில் நிறுத்தலாம் என்று ஒருவர் சொன்னார். அதை நான் ஏற்கவில்லை. நீர் ஆவியாகி உப்பின் செறிவு கூடினால் தங்கு நேரம் மறுபக்கமாக நகரும். இரண்டாவதாக, போத்தல்களுக்கு ஒரு பலகைத் தட்டு அடித்துப் பம்பியை விட 30 சென்ரிமீற்றர் உயரத்தில் வைத்தோம். 10 சென்ரிமீற்றர் நீர்நிலை 1 கிலோபஸ்கால் தரும். ஆக 3 கிலோபஸ்கால் திரும்பக் கிடைத்தது. உயரத்தால் இழந்த 20க்கு முன் இது சிறிதுதான், ஆனால் பம்பி இழுக்கும் கணத்தில் குமிழ் உண்டாகுமா இல்லையா என்பதை இந்தச் சிறு அளவே தீர்மானிக்க முடியும். மூன்றாவதாக, கொலத்துக்கு முன்னுள்ள உருக்குக் குழாயை வெப்பக்காப்பு நாடாவால் சுற்றினோம்.

மறுநாள் காலையில் கனமானக் குடுவை 6 நிமிடம் 40 செக்கனுக்கு வந்தது. ஒன்பது மணிக்கும் அதே. அமுக்கக் கோடு நேராக ஓடியது. அளவுத்திருத்தம் செய்து, ஒரே மாதிரியைப் பத்து முறை ஓடவிட்டுப் பார்த்ததில், எண்களின் சிதறலைக் காட்டும் மாறற் குணகம் ஒரு சதவீதத்துக்கும் கீழே நின்றது. ஒரு ஆய்வுகூடத்துக்குள் 2 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட எதிர்பார்ப்பு. தாழ்ந்த, உயர்ந்த கட்டுப்பாட்டு மாதிரிகள் இரண்டும் எல்லையின் நடுவே விழுந்தன. குளிர்பெட்டியில் வைத்திருந்த முந்தைய நாட்களின் ஈ.டி.டி.ஏ. குருதியை மீண்டும் ஓட்டி, தேங்கியிருந்த அறிக்கைகளை எல்லாம் அனுப்பினோம்.

அந்தத் தேங்கிய மாதிரிகளில் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா, அரைநாள் கூலியையாவது இழந்து வந்து குருதி கொடுத்துவிட்டு, "மிஸ், சீனி கூடியிருக்கா?" என்று கேட்டுப் போயிருந்தார். பழுது இருந்த காலை ஓட்டத்தில் அவருடைய கோட்டில் ஏ0வுக்குப் பின்னால் ஒரு பெரிய உச்சி, மென்பொருள் டி என்று பெயரிடும் நேர எல்லையான சாளரத்தின் விளிம்பில் வந்து நின்றது. சீர்செய்த பின் ஓட்டியபோது அது முன்னுக்கு வந்து, எல்லோரிடமும் சிறிதளவு காணப்படும் ஏ2 ஈமோகுளோபின் இருக்கும் சாளரத்தின் நடுவில், மொத்தத்தில் கால் பங்குக்கும் மேலான அளவில் அமர்ந்தது. ஏ2 எந்தக் காவியிடமும் அவ்வளவு உயர்வதில்லை. பீற்றா தலசீமியா காவிகளில் அது 3.5 சதவீதத்தைச் சற்றே தாண்டி நிற்கும். கால் பங்கு என்றால் அது ஏ2வோடு சேர்ந்து ஒரே நேரத்தில் வெளிவரும் ஈமோகுளோபின் இ. இலங்கையில் இ வகையும் பீற்றா தலசீமியாவும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து வருவது கடுமையான தலசீமியாவுக்கு ஒரு முக்கிய காரணம். குருநாகலில் உள்ள தலசீமியா நிலையத்தில் இதைப் பற்றி நீண்ட ஆய்வுகள் நடந்திருக்கின்றன. டி என்று எழுதியிருந்தால் அந்த அம்மாவின் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட வேண்டிய அறிவுரை வேறாகப் போயிருக்கும். தங்கு நேரத்தில் ஏற்படும் சில செக்கன் நகர்வு எவ்வளவு தூரம் போய்ச் சேரும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட என்னால் முடியாது.

அவருடைய ஏ1சியை நாங்கள் எண்ணாகக் கொடுக்கவில்லை. வகை ஈமோகுளோபின் இருப்பதையும், வெறுவயிற்றுக் குளுக்கோசும் ஃபுறக்டோசமைனும் (ஈமோகுளோபினைச் சாராத இன்னொரு சீனி அளவீடு) பார்க்கும்படியும் குறிப்பெழுதி மருத்துவருக்கு அனுப்பினோம். குருதிச்சோகை உள்ளவர்களிலும் இதே கவனம் தேவை: இரும்புக் குறைபாட்டில் செங்குழியங்கள் நெடுநாள் தங்குவதால் ஏ1சி சற்றுக் கூடிக் காட்டும், செங்குழியங்கள் விரைவில் அழியும் நோய்களில் குறைத்துக் காட்டும். தோட்டப் பெண்களின் மாதிரியில் ஈமோகுளோபின் அளவையும் சேர்த்துப் பார்க்காமல் ஏ1சியை மட்டும் படிப்பது சரியல்ல என்று எங்கள் மருத்துவர்களிடம் தொடர்ந்து சொல்லி வருகிறேன். பலர் இப்போது இரண்டையும் சேர்த்தே கேட்கிறார்கள்.

உதிரிப்பாகம் வந்ததும் பொறியியலாளர் வந்து வாயுநீக்கியின் இரப்பர்த் தகட்டை மாற்றினார். அதன் வெற்றிடப் பம்பி இப்போது சில நிமிடம் ஓடி நிற்கிறது. கொலம் பழையதுதான், அதன் ஊசி எண்ணிக்கை (அதற்குள் செலுத்திய மாதிரிகளின் எண்ணிக்கை) தயாரிப்பாளர் சொல்லும் எல்லையை எட்டும்வரை அதை மாற்றும் எண்ணம் இல்லை. காப்புப் பெட்டியும் பலகைத் தட்டும் அப்படியே இருக்கின்றன. கனமானக் குடுவை அளவீட்டை வாரத்துக்கு ஒருமுறை எடுத்து, அறை வெப்பநிலையோடும் முதல் ஓட்டத்தின் ஏ0 தங்கு நேரத்தோடும் ஒரே வரியில் பதிவேட்டில் எழுதுகிறோம். மூன்றும் ஒரே வரியில் இருந்தால்தான் அடுத்த மார்கழியில் எது முதலில் நகர்கிறது என்று பார்க்க முடியும். சில தாங்கற்கரைசல்களில் சோடியம் அசைட்டு இருப்பதால், கழிவைத் தொட்டியில் ஊற்றும்போது நிறைய நீர் விட்டுக் கழுவ வேண்டும் என்பதையும் அதே பதிவேட்டின் உள்ளட்டையில் ஒட்டியிருக்கிறோம். ஈய, செப்புக் குழாய்களில் அசைட்டு தேங்கினால் வெடிக்கும் உப்புகள் உண்டாகும். எங்கள் கட்டடத்தின் வடிகாற் குழாய்கள் பழையவை.